இருட்டுக் காட்சியில் புள்ளி புள்ளியாக வருவது பற்றி

பாழடைந்த வீட்டுக் காட்சியை ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற அளவு) 12800 வைத்து, ஒரே ஒரு டார்ச் வெளிச்சத்தில் எடுத்ததாகவும், எடிட்டில் பிரகாசத்தைக் கூட்டியதும் படம் முழுக்கப் புள்ளிகள் கொட்டியதாகவும் எழுதியிருந்தீர்கள். நானும் முதல் குறும்படத்தில் இதையே செய்து இரண்டு இரவுப் படப்பிடிப்பை இழந்தேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

திரையில் தெரியும் இருட்டை வெளிச்சத்தால்தான் உருவாக்க வேண்டும். ஐஎஸ்ஓவை 1600 அளவுக்கு இறக்குங்கள். சாதாரண எல்இடி விளக்கு ஒன்றை ஜன்னலுக்கு வெளியே, நடிகருக்குப் பின்பக்கமாக வையுங்கள். முகம் பாதி நிழலில் போகட்டும், தோளிலும் தலைமுடியிலும் மட்டும் கோடு போல ஒளி விழுந்தால் போதும். விளக்கின் ஒளி நிறம் 5600 கெல்வின், கேமராவின் ஒயிட் பேலன்ஸ் (எந்த நிற ஒளியை வெள்ளையாகக் காட்டுவது என்ற அமைப்பு) 3200 என்றால் நிலா வெளிச்சம் போல நீலம் தானாகவே வந்துவிடும். தரையில் தண்ணீர் தெளித்தால் அந்த ஒளி இன்னும் அழகாகப் பரவும், ஆனால் ஒயர் எதுவும் அந்தப் பக்கம் கிடக்கக் கூடாது.

அப்புறம், தேவையைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளிச்சத்தில் எடுத்து, கலர் கிரேடிங்கில் (எடிட்டில் நிறத்தையும் பிரகாசத்தையும் சரிசெய்யும் கட்டத்தில்) இறக்குங்கள். புள்ளிகள் நிழலுக்குள் அடங்கிவிடும். ஏற்றினால்தான் அவை கிளம்பும்.

சரி, ஏற்கெனவே எடுத்ததை என்ன செய்வது? பிரகாசத்தைக் கூட்டாதீர்கள், கறுப்பை இன்னும் நசுக்குங்கள், அதாவது நிழல் பகுதிகளை முழுக் கறுப்பாக்குங்கள். முகம் தெரியாத இடத்தில் மூச்சுச் சத்தத்தையும் மரப்படி முனகலையும் தனியாகப் பதிவு செய்து சேருங்கள். அந்த ஷாட்டுகளில் பாதியையாவது காப்பாற்றிவிடலாம்.