மாடல் கார் செய்வதை, மாற்றியமைப்பதைப் பொழுதுபோக்காகத் தொடங்க ஆசை. எதில் தொடங்கலாம், எவ்வளவு செலவாகும்?

கேட்டவர் கேள்விக்குக் கீழே கொஞ்சம் விவரமும் தந்திருக்கிறார். ஜப்பானின் டமியா கம்பெனி மாதிரி 1/24 அளவு (நிஜக் காரில் 24இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் கிட் வாங்கி ஒட்டுவதா, கடையில் தொங்கும் ஹாட் வீல்ஸ் உலோகக் குட்டிக் காரைப் பிரித்து வேறு கலர் அடிப்பதா என்று குழப்பம். கூடவே ஒரு ஆதங்கம்: "வெளிநாட்டுக்காரர்கள் செய்தால் நிஜக் கார் மாதிரி இருக்கிறது, நாங்கள் செய்தால் மட்டும் ஏன் பொம்மையாகவே தெரிகிறது?"

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: ஹாட் வீல்ஸில் தொடங்குங்கள். 200 ரூபாய்க்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கிறது, பாழானாலும் மனசு ஆறிவிடும். சில ஆயிரம் கொடுத்து வாங்கிய கிட்டைக் கெடுத்தால் அந்தப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு அத்தோடு ஆளே காணாமல் போய்விடுவார். அப்படிப் போனவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது கேள்விதான் சுவாரஸ்யம். பொம்மையாகத் தெரிவதற்குக் கைத்திறன் குறைவு காரணமில்லை. தடிமன்தான் காரணம்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். அம்பாசிடர் 4.3 மீட்டர் நீளம். 1/24 அளவில் அது 18 சென்டிமீட்டர். ஹாட் வீல்ஸின் 1/64 அளவில் 7 சென்டிமீட்டர்கூட வராது. கார் சுருங்கிவிட்டது, ஆனால் பெயின்ட் சுருங்கவில்லையே! ஸ்ப்ரே கேனில் பிரைமர் (அடிப்பூச்சு), கலர், அதன்மேல் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) என்று தாராளமாக அடித்தால் 0.1 மி.மீ. சுலபமாகச் சேர்ந்துவிடும். நிஜக் காரில் கம்பெனி பெயின்ட் மொத்தமுமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதே 0.1 மி.மீ.யை 64ஆல் பெருக்கிப் பாருங்கள்: 6.4 மி.மீ. கால் அங்குலக் கனத்துக்குப் பெயின்ட் பூசிய கார் ரோட்டில் போனால் எப்படி இருக்கும்? அதைத்தான் நாம் மேசைமேல் வைத்துப் பார்க்கிறோம்.

கதவு இடுக்கும் அப்படித்தான். நிஜக் காரில் 4 மி.மீ. இருந்தால் 1/64இல் 0.06 மி.மீ. இரண்டு கோட்டிங்கிலேயே அடைந்துபோகும். அதனால்தான் பொம்மைக் கம்பெனிக்காரர்கள் அந்த இடுக்கை வேண்டுமென்றே அகலமாக வெட்டியிருப்பார்கள். மெட்டாலிக் கலரிலும் இதே வம்பு. கார் கடையில் கலந்து வாங்கும் மெட்டாலிக் பெயின்ட்டில் இருக்கும் மினுமினுப்புத் துகள் நிஜக் காருக்குச் சரி. 1/24இல் அது ஜிகினா தூவிய மாதிரி ஆகிவிடும். மாடலுக்கென்றே விற்கும் ஸ்ப்ரேக்களில் துகளை இன்னும் பொடியாக அரைத்திருப்பார்கள். 

ஆகவே இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலை சேர்ப்பதில் இல்லை, எடுப்பதில் இருக்கிறது. இனி ஹாட் வீல்ஸுக்கு வருவோம்.

காரைத் திருப்பினால் அடித்தட்டில் இரண்டு ரிவெட் (அடித்து இறுக்கிய ஆணித்தலை) தெரியும். முதலில் நடுவில் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி குத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டிரில் வழுக்கிக்கொண்டு ஓடும். 2 மி.மீ. பிட்டில் மேலோட்டமாக வழி செய்துகொண்டு, பிறகு 3.5 அல்லது 4 மி.மீ. பிட்டில் தலையை மட்டும் சீவி எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் தூணைச் சீவிவிடக் கூடாது. திரும்ப மாட்டுவதற்கு அது வேண்டும். தூணில் 1.6 மி.மீ. துளை போட்டு எம்2 டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) ஓட்டினால் குட்டி ஸ்க்ரூ உட்காரும். எத்தனை தடவை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். பசை வைத்து ஒட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது, சக்கரம் மாற்ற ஆசை வந்தால் மறுபடி உடைக்கத்தான் வேண்டும்.

பாடி என்பது ஜமாக். துத்தநாகம், அலுமினியம், மெக்னீசியம், தாமிரம் நான்கும் சேர்ந்த உலோகக் கலவை. பழைய பெயின்ட்டை எடுக்க ஹார்டுவேர் கடையில் 'பெயின்ட் ரிமூவர்' கேளுங்கள். தடவிய சில நிமிஷத்தில் பெயின்ட் தோல் உரிகிற மாதிரி சுருண்டு எழும். இதை மொட்டை மாடியில், கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். துணி மாஸ்க் தூசியைத்தான் கொஞ்சம் தடுக்கும், ரசாயன ஆவியைத் தடுக்காது; அதற்கென்று கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் இருக்கிறது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைப் பற்றி இரண்டு வார்த்தை அதிகமாகவே சொல்லலாம். இன்னொன்று, இந்த ரிமூவர் பிளாஸ்டிக்கில் பட்டால் பிளாஸ்டிக் கூழாகிவிடும். பிளாஸ்டிக் கிட்டில் அடித்த எனாமலையோ குரோம் முலாமையோ எடுக்க பிரேக் ஆயிலில் ஊறப்போடுவதுதான் பழைய வழி.

பெயின்ட் உரிந்ததும் வெறும் உலோகம் தெரியும். இந்த இடத்தில் எல்லோருக்கும் கை பரபரக்கும், உடனே கலர் அடிக்கத் தோன்றும். அடிக்காதீர்கள். வார்ப்பு அச்சு சேரும் இடத்தில் பானெட் ஓரம், கூரை ஓரம் என்று மெல்லிய வரம்பு ஓடும். அதை 400 நம்பர் வாட்டர் பேப்பரில் (ஈர உப்புத்தாள்) தண்ணீர் விட்டுத் தேய்த்து, 800, 1000 என்று போக வேண்டும். எங்கள் தெருமுனை டிங்கரிங் பட்டறையில் நிஜக் காருக்குப் பெயின்ட் அடிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். என் குட்டிக் காரைக் கையில் வாங்கியதும் அவர் அதைப் பார்க்கவே இல்லை, விரல் நுனியால் கூரையைத் தடவிக்கொண்டே இருந்தார். "கண்ணு ஏமாத்தும் தம்பி, விரல் ஏமாத்தாது. இங்க பாரு, மேடு இருக்கு." நான் எத்தனை வெளிச்சத்தில் பார்த்தும் தெரியாத மேடு அது. பட்டி பார்ப்பது, உப்புத்தாள் பிடிக்கும் விதம், எந்த நம்பருக்குப் பிறகு எந்த நம்பர் என்பதெல்லாம் வீடியோவைவிட இந்த மாதிரிப் பட்டறைகளில் நன்றாகக் கற்றுக்கொள்ளலாம். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நின்று பாருங்கள்.

தேய்த்து முடித்ததும் கதவு, பானெட் கோடுகளை ஊசியாலோ பிளேடின் முதுகாலோ மெதுவாக ஆழப்படுத்திவிடுங்கள். பெயின்ட் வந்து கொஞ்சம் நிரப்பப் போகிறது, அதற்கு இப்போதே இடம் விட்டுவைக்கிறோம்.

பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் பிரைமர். ஜமாக்கில் பிரைமர் இல்லாமல் கலர் நிற்காது, நகம் பட்டாலே பெயரும். ஸ்ப்ரே கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிஷம் வைத்துவிட்டு அடித்தால் துளி பொடியாக விழும். கொதிக்கிற தண்ணீர் கூடவே கூடாது, கேன் வெடிக்கும். முதல் கோட்டிங்கில் அடியில் இருப்பது தெரிய வேண்டும்; இரண்டாவதில் பாதி மறைய வேண்டும்; மூன்றாவதில்தான் முழுக்க மூடலாம். ஒரே மூச்சில் மூடினால் ஓரத்தில் வழியும், கோடுகள் அடைபடும். சென்னை மாதிரி ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் லேக்கர் (சீக்கிரம் காயும் தின்னர் பெயின்ட்) அடிக்கவே வேண்டாம். காற்றில் உள்ள ஈரம் பெயின்ட்டில் இறங்கி வெள்ளையாகப் படர்ந்துவிடும். அந்த மாதங்களில் நான் பிரிப்பது, தேய்ப்பது, சக்கரம் தேடுவது என்று வேறு வேலையை வைத்துக்கொள்வேன்.

ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட்டைப் பொடியாகப் பீய்ச்சும் பேனா மாதிரிக் கருவி) வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். ஆரம்பத்திலேயே வேண்டாம். ஆனால் தடிமன் பிரச்சினைக்கு உண்மையான மருந்து அதுதான். 0.3 மி.மீ. நாசில் போதும். பெயின்ட்டைத் தின்னர் விட்டுப் பால் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும், கெட்டியாக இருந்தால் துப்பும். ஹார்டுவேர் கடை என்.சி. தின்னரை உலோக பாடிக்கும் ஏர்பிரஷைக் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் பட்டால் அரித்துவிடும்.

கடைசியில் வருவது ஜன்னல் ஓரம், பம்பர், கிரில். எந்தக் காரையும் பொம்மையா நிஜமா என்று காட்டிக்கொடுப்பது இந்த இடம்தான். அம்பாசிடரையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸை அடிப்படையாக வைத்து 1958 முதல் 2014 வரை கொல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் தயாரான வண்டி. சென்டி கம்பெனியின் பின்னால் இழுத்து விடும் பிளாஸ்டிக் அம்பாசிடர் நம் ஊர்ப் பொம்மைக் கடைகளில் விற்கிறது; இந்தியாவில் மாடல் மாற்றியமைக்கிற ஆட்கள் அதை அக்கக்காகப் பிரித்துப்போட்டு வேலை பார்ப்பார்கள். அதில் குரோம் வரவேண்டிய இடத்தில் சில்வர் பெயின்ட்டைப் பிரஷால் இழுத்தால் சாம்பல் கோடாகத்தான் நிற்கும். சமையலறை அலுமினிய ஃபாயில் சுமார் 0.011 மி.மீ. கனம்தான், ஸ்ப்ரே கேன் பெயின்ட்டைவிட மெல்லிசு. அதன் பின்பக்கம் ஃபாயில் பசையை மெல்லத் தடவி, பசை ஒட்டும் பதத்துக்கு வந்ததும் ஓரத்தில் வைத்து, பல் குத்தும் குச்சியால் அழுத்தி அழுத்தி வளைவுக்குள் இறக்க வேண்டும். பிறகு புதுப் பிளேடால் ஓரமாக வெட்டி, வேண்டாததை உரித்து எடுங்கள். பிளேடு பழசாக இருந்தால் ஃபாயில் கிழியும். 'பேர் மெட்டல் ஃபாயில்' (Bare-Metal Foil) என்று பின்னாலேயே பசையோடு வருவதும் உண்டு, வேலை சுலபம், ஆனால் இறக்குமதி.

வெள்ளை அம்பாசிடர் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அரசு வண்டி என்றாலே வெள்ளை என்று நமக்குப் பதிந்துவிட்டது, ஆனால் வெள்ளைதான் அடிப்பதற்கு மகா கடினமான கலர். கீழே இருப்பதை மூடவே மூடாது, மூட மூடக் கனம் ஏறும். வெள்ளைப் பிரைமர் போட்டுவிட்டால் இரண்டு கோட் மிச்சம். கதவுக் கோட்டில் கறுப்பு மையை விடாதீர்கள், வெளிர் சாம்பல் போதும். வெள்ளைக் காரில் கறுப்புக் கோடு போட்டால் பேனாவால் வரைந்த படம் மாதிரி தெரியும்.

பிளாஸ்டிக் கிட் பற்றியும் கொஞ்சம். இதில் அமெரிக்காவின் ஏஎம்டி கம்பெனி 1958இல் '3 இன் 1' கிட் என்று ஒரு வேலை செய்தது. ஒரே பெட்டியில் கம்பெனி மாடலாகவும், கஸ்டமாகவும், ரேஸ் காராகவும் கட்டிக்கொள்ள உதிரிகள் இருக்கும். மாற்றியமைப்பது என்பதையே பெட்டிக்குள் வைத்து விற்ற கூட்டம் அது. அவர்கள் அளவு 1/25. ஜப்பானியர்கள் 1/24. ஷிசுவோகாவில் இருக்கும் டமியா 1976இல் போர்ஷே 934ஐ 1/12 அளவில் கொண்டுவருவதற்காக நிஜமாகவே ஒரு போர்ஷே 911ஐ விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். அவர்கள் கிட்டில் பாகங்கள் கிளிக் என்று உட்காருவதைப் பார்க்கும்போது அந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு அர்த்தம் இருந்தது தெரியும். ஒட்டுவதற்கு மாடல் சிமென்ட் எனப்படும், தண்ணீர் மாதிரி ஓடும் பிளாஸ்டிக் பசையைப் பயன்படுத்துங்கள்: இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து இடுக்கில் பிரஷ் நுனியை வைத்தால் தானாக உள்ளே ஓடி இரண்டையும் உருக்கிச் சேர்க்கும். கண்ணாடிப் பாகத்துக்கு மட்டும் இன்ஸ்டன்ட் பசை ஆகாது, அதன் ஆவியில் கண்ணாடி மங்கிவிடும். அங்கே வெள்ளை ஃபெவிகாலே போதும், காய்ந்தால் தெரியாது.

நம் பக்கத்தில் மினியேச்சர் பஸ் செய்கிறவர்களும் நிறைய உண்டு. அரசுப் பேருந்தும் தனியார் பேருந்தும் லைட், ஹாரன், சைடு ஸ்டிக்கர் சகிதம் ஃபோம் ஷீட்டில் எழும்பி நிற்கும். கிட் என்று எதுவுமில்லாமல் கரூரில் நிற்கும் நிஜ பஸ்ஸை அளந்து வந்து செய்கிற கை அது, எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை. அங்கேயும் இதே கணக்குதான்: 3 மி.மீ. ஷீட்டில் ஜன்னல் வெட்டினால் 1/24இல் சுவர் 7 சென்டிமீட்டர் கனமாகிவிடும். ஜன்னல் ஓரத்தை உள்பக்கமாகச் சரிவாகச் சீவிவிட்டால் வெளியே தெரியும் விளிம்பு மட்டும் மெலிந்துவிடும். பஸ்ஸின் முகமே மாறும்.

செலவு: கார், ரிமூவர், மூன்று நான்கு நம்பர் வாட்டர் பேப்பர், பிரைமர் ஒன்று, கலர் ஒன்று, டிரில் பிட், எம்2 டேப், பிளேடு. கையில் டிரில் இருந்தால் இரண்டாயிரத்துக்குள் அடக்கிவிடலாம், அதில் பெரும்பாலானவை அடுத்த பல கார்களுக்கும் வரும். செய்து விற்றுச் சம்பாதிக்கலாமா என்று கேட்காதீர்கள். மணிக்கணக்குப் பார்த்தால் கட்டாது.

எந்தக் கார்? தட்டையான பக்கங்களும் நேர்க்கோடுகளும் உள்ளது. பழைய ஜப்பானியக் காரான டட்சன் 510 கிடைத்தால் அதுவே நல்லது. பீட்டில் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் எங்கு பார்த்தாலும் வளைவு, தேய்க்கவும் கஷ்டம், ஃபாயில் ஒட்டவும் கஷ்டம். ஒரே காரை இரண்டாக வாங்குங்கள். ஒன்றைப் பிரித்து வேலை செய்யுங்கள், மற்றதை அட்டையிலிருந்து எடுத்துப் பக்கத்திலேயே வையுங்கள். ஒவ்வொரு கோட்டிங்குக்குப் பிறகும் இரண்டின் கதவுக் கோட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் காரின் கோடு கம்பெனிக் காரைவிட மங்கலாகத் தெரிய ஆரம்பித்தால், அதோடு ஸ்ப்ரே கேனைக் கீழே வைத்துவிடுங்கள்.