சவுலுக்குத் தாவீதைத் தெரியாதா?

கேள்வி: ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். வேதாகமத்தில் 1 சாமுவேல் 16-இல் தாவீது சவுல் ராஜாவுக்குச் சுரமண்டலம் வாசிக்கிறான், ஆயுததாரியும் ஆகிறான். 17-ஆம் அதிகாரத்திலோ இராட்சதன் கோலியாத்தை எதிர்க்கப் போகும் தாவீதைப் பார்த்து, 'இவன் யாருடைய மகன்?' என்று படைத்தலைவன் அப்னேரிடம் சவுல் கேட்கிறான். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இதைப் பிடித்துக்கொண்டான். இப்படிப்பட்ட முரண்களையெல்லாம் ஆறே வாரத்தில் தீர்த்து வைப்பதாக ஓர் ஆன்லைன் டிப்ளமோ விளம்பரம் பார்த்தேன். சேரலாமா?

பதில்: முதலில், பணம் கட்டாதீர்கள். அடுத்து, அந்தப் பையனைத் திட்டாதீர்கள். அவன் சரியாகத்தான் படித்திருக்கிறான்.

தாவீது அரண்மனைக்கு வந்தது எப்படி என்பதற்கு இரண்டு கதைகள் வழங்கின. ஒன்றில் அவன் இசைக்காரன். மற்றொன்றில், போர்முனையில் இருக்கும் அண்ணன்மாருக்கு வறுத்த பயற்றையும் அப்பத்தையும் சுமந்து வந்த ஆட்டிடையன். தொகுத்தவர் எதையும் தூக்கி எறியவில்லை. 17:12-ஐப் பாருங்கள்: போன அதிகாரத்தில் பார்த்த தாவீதின் தகப்பன் ஈசாயை இப்போதுதான் முதன்முதலாகச் சந்திப்பது போல ஊர், பேர், பிள்ளைகள் கணக்கோடு அறிமுகம் செய்கிறது. 17:15, தாவீது சவுலை விட்டுத் திரும்பி ஆடு மேய்க்கப் போனதாகச் சொல்லி இரண்டையும் இணைக்கிறது. தையல் தெரிகிற இடம் அதுதான்.

வத்திக்கான் நூலகத்தில் உள்ள 4-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வேதாகமப் பிரதியில் 17:12-31, 17:55-58 ஆகிய வசனங்களே இல்லை. சிக்கலும் அவற்றோடு போய்விடுகிறது.

'சவுலுக்கு ஆளைத் தெரியும்; தகப்பனைத்தான் விசாரித்தான்' என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். இதை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. கோலியாத்தைக் கொல்பவனின் தகப்பன் வீட்டுக்குச் சர்வமானியம், அதாவது வரிவிலக்கு, என்று 17:25-இல் வாக்கு இருக்கிறது. வரியைத் தள்ளுபடி செய்ய வேண்டிய அரசன் வீட்டு விவரம் கேட்பது நியாயம்தான். ஆனால் 16:19-இல் 'உன் மகன் தாவீதை அனுப்பு' என்று இதே சவுல் ஈசாய்க்குத்தான் ஆள் அனுப்புகிறான். சரி, தாவீதின் இசையால் தணிந்த அந்த மனநோயில் சவுல் மறந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அப்னேருமா மறந்தான்? தனக்குத் தெரியாது என்று ராஜாவின் ஜீவன்மேல் ஆணையிட்டல்லவா சொல்கிறான்!

கோலியாத்துடையது என்று இராட்சத எலும்புக்கூடு காட்டும் வீடியோக்களை நம்பாதீர்கள். 1993-இல் வட இஸ்ரேலின் தேல் தாணில் கிடைத்த கல்வெட்டையும் அவற்றில் சேர்த்துக் காட்டுவார்கள். அது உண்மையான கல்வெட்டு, கி.மு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 'தாவீதின் வீடு' என்ற ஓர் அரச வம்சத்தைச் சொல்கிறதே தவிர, கோலியாத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. புனித நாட்டுச் சுற்றுலா போய் வந்தவர்கள் தாவீது கோலியாத்தோடு மோதிய ஏலா பள்ளத்தாக்கில் பொறுக்கிய கூழாங்கல்லைக் கொண்டுவந்து, இது தாவீது காலத்துக் கல்லா என்று என்னிடம் கேட்கிறார்கள். தாவீதுக்கும் முந்தியதுதான் ஐயா, எல்லாக் கல்லும்!

டிப்ளமோக்காரர்களிடம் இறையியல் பட்டம் வழங்கும் செராம்பூர் செனட்டின் இணைப்பு உண்டா, பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரெயம் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். 'சர்வதேச அங்கீகாரம்' என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இறையியல் படித்த நாங்களும் எபிரெயத்தைப் பரீட்சைக்குப் படித்து, பட்டம் வாங்கிய கையோடு பரணில் ஏற்றிவிடுகிறோம். பிறகு சபையில் யாராவது கேட்டால் 'விசுவாசக் குறைவு' என்று வாயை அடைக்கிறோம்.

வரும் ஞாயிறு 17:12 முதல் 31 வரை ஒரு தாளால் மறைத்து, 11-ஐயும் 32-ஐயும் சேர்த்து அந்தப் பையனையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். சவுல் கலங்குகிறான், உடனே தாவீது பேசுகிறான். எங்கே இடறுகிறது என்று வகுப்பைக் கேளுங்கள்.