கைப்பேசியில் இடமில்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மே மாத சீசன் முடிந்ததும் குன்னூரில் உள்ள என் பழுதுபார்ப்புக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்ற ஒரே குறையோடுதான் வருகிறார்கள். மலர்க் கண்காட்சி பார்க்க வந்த உறவினர் கூட்டத்தைப் படமெடுத்தே போன் நிரம்பிவிடுகிறது. இம்முறை வந்த கடிதங்களும் அப்படியே இருந்ததால், மற்றவற்றை ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 64 ஜிபி என்று சொல்லித்தான் விற்றார்கள். வாங்கிய அன்றே 43 ஜிபிதான் காலியாக இருந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (கல்லூரி மாணவர், உதகை)

ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்; 1024-இன் மடங்குகளில் எண்ணினால் அதே 64 ஏறத்தாழ 60 ஆகிவிடும். மிச்சம் குறைவது ஆண்ட்ராய்டுக்கும், தயாரிப்பாளர் ஏற்றி அனுப்பும் செயலிகளுக்கும். வேண்டாத செயலிகளை ‘டிசேபிள்’ செய்தால் சில நூறு எம்பி திரும்பக் கிடைக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: போன் ஃபுல். அவசரம். என்ன செய்வது? (பெயரும் ஊரும் இல்லை)

என்ன போன், எத்தனை ஜிபி, எது இடத்தை அடைத்திருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதாமல் கேட்டால், ‘வயிறு வலிக்கிறது, மருந்து அனுப்பவும்’ என்று வைத்தியருக்கு அஞ்சலட்டை போட்டதைப் போலத்தான். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியைத் திறந்து, பட்டியலில் எது பெரியது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் வாட்ஸ்அப்பாக இருக்கும், இல்லாவிட்டால் வீடியோவாக இருக்கும். சில்லறைச் செயலிகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருப்பது, பீரோவில் இடமில்லை என்று கைக்குட்டையை வெளியே எடுத்துப் போடுவதற்குச் சமம். மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்கட்டும். அது குறைந்தால் புதிய தரவை எழுத வெற்றுப் பகுதிகளைத் தேடித் துடைப்பதிலேயே நினைவகத்தின் நேரம் போய், போன் நொண்டத் தொடங்கும்.

கேள்வி: சிறு தேயிலை விவசாயிகள் குழு, பசுந்தேயிலை விலைக் குழு, ஊர்க் குழு என்று நாற்பது வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறேன். கேலரியில் தெரியாதபடி ‘மீடியா விசிபிலிட்டி’யை அணைத்துவிட்டேன். அப்படியும் இடம் வரவில்லையே? (விவசாயி, மஞ்சூர்)

எப்படி வரும்? அந்தப் பொத்தான் படங்களைக் கேலரியில் காட்டாமல் மறைக்கிறதே தவிர, பதிவிறக்கத்தை நிறுத்துவதில்லை. நீங்கள் அணைக்க வேண்டியது, வாட்ஸ்அப் செட்டிங்ஸின் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ பகுதியில் உள்ள தானியங்கிப் பதிவிறக்கத்தை. மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் என்ற மூன்று இடங்களிலும் வீடியோவுக்கான குறியை எடுத்துவிடுங்கள். பிறகு அதே பகுதியில் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ என்பதைத் திறந்தால், 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாகவும், பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டவை தனியாகவும் காட்டப்படும். பலமுறை ஃபார்வர்டு ஆனவற்றை அதிகம் யோசிக்காமல் அழிக்கலாம். 5 எம்பி பட்டியலில் மட்டும் பொறுமை தேவை, ஏனெனில் பேத்தியின் பிறந்தநாள் வீடியோவும் அதில்தான் இருக்கும்.

பலர் அறியாத ஒன்றும் உண்டு. நீங்கள் அனுப்புகிற படத்துக்கும் வீடியோவுக்கும் ஒரு நகல் ‘சென்ட்’ என்ற உட்கோப்புறையில் தங்கிவிடுகிறது. தொழிற்சாலை ரசீதைப் படமெடுத்து மூன்று குழுக்களுக்கு அனுப்புகிறவர்கள் அந்தக் கோப்புறையை ஆண்டுக்கு ஒருமுறையாவது எட்டிப் பார்க்க வேண்டும். மூலப்படம் கேலரியில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அழியுங்கள்.

கேள்வி: கேஷ் அழித்தால் படங்கள் போய்விடுமா? (இல்லத்தரசி, வெலிங்டன்)

போகாது. கேஷ் என்பது செயலி தன் வசதிக்காகத் தற்காலிகமாகச் சேர்த்துவைப்பது. பக்கத்திலேயே இருக்கும் ‘கிளியர் டேட்டா’ அல்லது ‘கிளியர் ஸ்டோரேஜ்’ பொத்தானில் மட்டும் விரலை வைக்காதீர்கள். அது செயலியை நேற்று வாங்கியது போல ஆக்கிவிடும். டெலிகிராம் பயன்படுத்துபவர்கள் அதன் கேஷைத் தாராளமாகத் துடைக்கலாம், ஏனெனில் அதன் சாதாரண உரையாடல்களில் உள்ள படங்கள் அவர்களுடைய சர்வரில் இருக்கின்றன. மீண்டும் தொட்டால் மீண்டும் இறங்கும்.

கேள்வி: கூகுள் போட்டோஸில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்து, கேலரியில் இருந்த சுமார் 3000 படங்களை அழித்தேன். இப்போது இரண்டு இடத்திலும் இல்லை. மீட்க முடியுமா? (ஆசிரியை, கோத்தகிரி)

மாதத்துக்கு மூன்று பேராவது இதே கேள்வியோடு என் கடைப் படியேறுவதால், இதற்குச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். கூகுள் போட்டோஸ் செயலிக்குள் அழித்திருந்தால், மேலே, அதாவது கூகுளின் சர்வருக்கு, ஏற்றப்பட்ட படங்கள் 60 நாட்களும் ஏற்றப்படாதவை 30 நாட்களும் ‘டிராஷ்’ பகுதியில் இருக்கும். போன் தயாரிப்பாளரின் கேலரியில் அழித்திருந்தால் அந்தக் கேலரிக்கென்று ஒரு தொட்டி தனியாக இருக்கலாம். இரண்டையும் பார்த்து, இரண்டிலும் இல்லையென்றால், வருத்தத்தோடு சொல்கிறேன், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் தரவு முழுவதும், சாவியில்லாமல் படிக்க முடியாதபடி, குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அழித்த பகுதிகளை நினைவகமே துடைத்தும் விடுகிறது. பழைய மெமரி கார்டில் செய்ததைப் போல மென்பொருளை ஓட்டி அவற்றைத் தோண்டி எடுக்க முடியாது. ‘ரெக்கவரி செய்து தருகிறோம்’ என்ற பலகையைப் பார்த்துச் சமவெளிக்கு இறங்கிப் போய் 2000 ரூபாய் கொடுத்து, மங்கலான சிறுபடங்கள் நிறைந்த ஒரு பென்டிரைவோடு திரும்பி வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். அவை கேலரி தன் வசதிக்காக வைத்திருந்த முன்னோட்டப் படங்கள். பெரிதாக்கினால் முகம் தெரியாது.

இது ஏன் நடக்கிறது? பெரும்பாலோர் கூகுள் போட்டோஸைத் தனி லாக்கர் என்று எண்ணுகிறார்கள். அந்தச் செயலியில் பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போது அது லாக்கர் அன்று, கண்ணாடி. அதற்குள் ஒரு படத்தை அழித்தால் போனிலும் போகும், மேலேயும் போகும். போனில் மட்டும் அழிக்க வேண்டுமானால் அதற்கென்றே ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்ற கட்டளை இருக்கிறது. அது மேலே ஏறி முடிந்த படங்களை மட்டுமே போனிலிருந்து நீக்கும்.

அடுத்தது நம் மலைக்கே உரிய தொல்லை. சென்ற ஐப்பசி மழையின்போது எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். படங்கள் பத்திரமாக இருக்கின்றன என்று மகன் சொன்னதாக உறுதியாகச் சொன்னார். செயலியைத் திறந்து, வலது மேல் மூலையில் அவருடைய முகப்படம் உள்ள வட்டத்தைத் தொட்டேன். ‘வைஃபைக்காகக் காத்திருக்கிறது’ என்று ஒரு வரி நின்றது. அவர் வீட்டில் வைஃபை என்றைக்குமே இருந்ததில்லை. பதினான்கு மாதங்களாக அந்தப் போன் வராத வைஃபைக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குள் அவர் கேலரியை அழித்து, தொட்டியையும் காலி செய்துவிட்டு வந்திருந்தார். வாட்ஸ்அப்பில் வந்த படங்களின் கோப்புறையும் தானாக மேலே ஏறாது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை அமைப்பில் போய்த் தனியாக இயக்க வேண்டும். கேமரா படங்கள் ஏறிவிட்டன என்பதை வைத்து மற்றவையும் ஏறிவிட்டன என்று முடிவுகட்டக் கூடாது.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். 3000 படங்கள், ஒன்றுக்கு மூன்று எம்பிக்கு மேல் என்று வைத்தால் ஏறக்குறைய 10 ஜிபி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் திட்டத்தில், வேறு எதுவும் பார்க்காமலிருந்தால்கூட, ஒரு வாரம் ஆகும். பள்ளத்தாக்கில் சிக்னல் வந்து வந்து போகும் வீடுகளில் எத்தனை வாரம் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். ஆகவே மலைவாசிகளுக்கு நான் முதலில் சொல்வது, போனில் நேராகச் செருகும் ஓடிஜி பென்டிரைவ். 64 ஜிபி சில நூறு ரூபாய்தான். சிக்னலும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். பேக்கப் எதுவாக இருந்தாலும், அழிப்பதற்கு முன் வேறொரு கருவியில் அந்தப் படத்தைத் திறந்து, இரு விரலால் பெரிதாக்கி, முகம் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு படத்தை மட்டும் பார்த்தால் போதாது. முதல் மாதத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசி வாரத்தில் ஒன்று பாருங்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்கவில்லை. படிக்கிறவர்களுக்குத்தான் அலுத்துவிட்டது போலும்.

கேள்வி: மறைந்த கணவரின் குரல் செய்திகள் வாட்ஸ்அப்பில் இருக்கின்றன. இடத்துக்காக அவற்றை அழிக்கச் சொல்கிறான் மகன். (வாசகி, கேத்தி)

அழிக்க வேண்டாம், அம்மா. ஒரு நிமிடக் குரல் செய்தி கால் எம்பிகூட வராது. அவர் அனுப்பிய அத்தனையையும் சேர்த்தாலும் மகன் எடுத்த ஒரு கல்யாண வீடியோ அளவுக்கு இருக்காது. ‘வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்’ என்ற கோப்புறையில் ஆண்டும் வார எண்ணும் பெயராகக் கொண்ட உட்கோப்புறைகளில் அவை கிடக்கும். கோப்புப் பெயர்கள் பிடிடி என்ற எழுத்துகளில் தொடங்கும். அந்தக் கோப்புறையில் எல்லோருடைய குரலும் கலந்திருப்பதால், உரையாடலிலிருந்தே ஒவ்வொன்றாகப் பகிர்ந்து பென்டிரைவில் சேர்ப்பது நல்லது. இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை மகனிடம் கொடுத்து, கணினியில் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மலை ரயிலில் கல்லாறிலிருந்து பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறுவதை 40 நிமிடம் 4கே வீடியோவாக எடுத்தேன். 14 ஜிபி போய்விட்டது. (புகைப்பட ஆர்வலர், அருவங்காடு)

போகத்தான் செய்யும். பழைய குறிமுறையில் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) 4கே நிமிடத்துக்கு 350 எம்பி வரை விழுங்கும். கேமரா அமைப்பில் எச்இவிசி என்ற குறிமுறையைத் தேர்ந்தால் அது பாதியாகும். அதிலேயே 1080பி-க்கு இறங்கினால் நிமிடத்துக்கு 60 எம்பி போலத்தான். பழைய தொலைக்காட்சிகளும் கணினிகளும் எச்இவிசி கோப்பைத் திறக்கத் தடுமாறலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நீராவி எஞ்சின் புகைவிடும் சில நிமிடங்களை 4கே-யில் எடுத்துவிட்டு, மீதிப் பயணத்தைக் கண்ணால் பாருங்களேன். எடுத்ததில் சுரங்கப்பாதை இருட்டு மட்டும் எத்தனை நிமிடம் என்று பார்த்து வெட்டினாலே சில ஜிபி திரும்பும்.

கேள்வி: ஃபோன் கிளீனர் செயலிகளில் எது சிறந்தது? (வியாபாரி, கூடலூர்)

எதுவும் இல்லை. சக்கரம் சுழற்றி ‘2 ஜிபி குப்பை அகற்றப்பட்டது’ என்று காட்டும் பெரும்பாலானவை கேஷைத்தான் அழிக்கின்றன; நாளை அது மீண்டும் சேரும். இடையில் விளம்பரம் காட்டுவதும் உங்கள் கோப்புகளைப் பார்க்க அனுமதி வாங்குவதும்தான் அவற்றின் பிழைப்பு. 2020 ஜூன் மாத இறுதியில் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் இந்த ரகத்தவை பல இருந்தன. போனிலேயே இருக்கும் கோப்பு மேலாளரோ கூகுளின் ஃபைல்ஸ் செயலியோ போதும்.

கேள்வி: வயநாடு, மைசூரு வண்டி ஓட்டுகிறேன். ஆஃப்லைன் மேப்பை அழித்தால் இடம் வருமா? (ஓட்டுநர், உதகை)

சில நூறு எம்பி வரும். முதுமலைக் காட்டுக்குள் சிக்னல் போகும்போது அந்த மேப் இல்லாமல் என்ன செய்வீர்கள்? யூடியூபில் இறக்கி வைத்துப் பார்த்து முடித்த படங்களை அழியுங்கள்.

கேள்வி: ஜிமெயிலுக்கு மின்னஞ்சல் வருவது நின்றுவிட்டது. போனில் 50 ஜிபி காலியாக இருக்கிறதே? (ஓய்வுபெற்ற அலுவலர், குன்னூர்)

போனின் இடம் வேறு, கூகுள் கணக்கின் இடம் வேறு. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன; அது நிரம்பியதால்தான் மின்னஞ்சல் நின்றிருக்கும். 2021 ஜூன் 1 முதல் ஏற்றப்படும் படங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்கின்றன. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதிலேயே விழுகிறது. வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்காதபடி மாற்றுங்கள். பெரிய இணைப்புகள் உள்ள பழைய மின்னஞ்சல்களை அழித்து, தொட்டியையும் காலி செய்யுங்கள்.

கேள்வி: ஐபோனில் செயலியை அடியோடு நீக்காமல் இடம் மிச்சப்படுத்த முடியுமா? (பொறியாளர், கோத்தகிரி)

முடியும். ‘ஆஃப்லோட்’ செய்தால் செயலி போகும், அதன் தரவு இருக்கும்.

கேள்வி: சந்தையில் 1 டிபி மெமரி கார்டு 500 ரூபாய்க்குக் கிடைத்தது. 30 ஜிபிக்கு மேல் போட்ட படங்கள் திறக்கவில்லை. மழைக்கால ஈரம் காரணமாக இருக்குமா? (வாசகர், பந்தலூர்)

ஈரத்தின் மேல் பழி போடாதீர்கள். 500 ரூபாய்க்கு 1 டிபி கார்டை யாரும் விற்க முடியாது. உங்களிடம் இருப்பது, 1 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றப்பட்ட 32 ஜிபி கார்டாக இருக்கும். கொள்ளளவு முடிந்த பின் எழுதப்படுபவை பழையவற்றின் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமல் போகும். பெயர் மட்டும் பட்டியலில் தெரியும். கார்டு முழுவதையும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும் இலவச மென்பொருள்கள் கணினியில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை ஓட்டுவதற்கு முன், இனி அந்தக் கார்டில் ஒரு படம்கூடச் சேர்க்காமல், திறக்கிற படங்களை எல்லாம் கணினிக்கு நகலெடுத்து, அங்கே ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.