ஒற்றை லெகோ கட்டைக்கு என்ன விலை கேட்கலாம்?

கேள்வி: மகனுடைய பழைய லெகோ 6 கிலோ வரை கிடக்கிறது. ஆன்லைனில் ஒரே ஒரு கட்டைக்கு 450 ரூபாய் போட்டிருக்கிறார்கள். நேரில் பார்த்துவிட்டுப் போனவரோ எல்லாவற்றையும் கிலோ கணக்கில்தான் எடுப்பேன் என்கிறார். எதை நம்புவது? (வாசகி, அல்சூர், பெங்களூரு)

பதில்: 450 ரூபாய் என்பது ஒருவர் கேட்கும் விலை. அந்த விலைக்கு விற்றதா என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதைப் பார்க்கத் தோதான இடம், லெகோ பீஸ்களை வாங்கி விற்கும் பிரிக்லிங்க் இணையதளம். 2019 முதல் அது லெகோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

கட்டையைத் திருப்பி உட்புறம் பாருங்கள். பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். 2க்கு 4 கட்டை (மேலே இரண்டு வரிசையில் நான்கு நான்கு குமிழ் உள்ளது) என்றால் 3001. அந்த எண்ணோடு நிறத்தையும் சேர்த்துத் தேடுங்கள். ஒரே 3001 சிவப்பில் மலிவாகவும் வேறொரு நிறத்தில் பல மடங்காகவும் போகும். விலைப் பக்கத்தில் கடந்த 6 மாத விற்பனை தனியாக, இப்போது விற்பனைக்கு இருப்பவை தனியாக வரும். நீங்கள் பார்க்க வேண்டியது முதலாவது. அதிலும் 'பழையது' பகுதியை மட்டும். அதிகபட்ச விலையை விட்டுவிட்டு, எண்ணிக்கையைக் கணக்கில் கொண்ட சராசரியை எடுங்கள். அவசரத்துக்கு ஒரே ஒரு பீஸ் வாங்கியவர் கொடுத்த விலைதான் பெரும்பாலும் அந்த அதிகபட்சம். 6 மாதத்தில் 40 விற்றிருக்கிறது, இப்போது 3,000 விற்பனைக்குக் கிடக்கிறது என்றால் சராசரி விலைகூட உங்களுக்குக் கிடைக்காது.

நிறத்தில்தான் பலர் தவறுகிறார்கள். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களையும் பழுப்பையும் மாற்றியது. பழைய சாம்பலில் லேசாக மஞ்சள் சாயும். புதியதில் நீலம் சாயும். டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பகலில், ஜன்னலோரம் வைத்து ஒப்பிடுங்கள். வெள்ளைக் கட்டை வெயிலில் மஞ்சளாகியிருந்தால் 'பழையது' சராசரிக்கும் கீழேதான் போகும்.

ஆனாலும் கிலோ கணக்குக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு 3001 சுமார் 2.3 கிராம். கிலோவுக்கு 430 வரை வரும். அவ்வளவையும் எண்ணி, கழுவி, ஒவ்வொன்றாகப் பதிவேற்றும் உழைப்புக்கு சாதாரண சிவப்பு, நீலக் கட்டைகளின் விலை ஈடுகட்டாது. அதனால் மனித உருவங்கள், அவற்றின் தொப்பி, ஆயுதம், அச்சிட்ட கட்டைகள் (ஸ்டிக்கர் ஒட்டியவை அல்ல), மோட்டார்கள், மணல் பச்சை மாதிரி அரிய நிறங்கள், இவற்றை முதலில் பொறுக்கி எடுத்து வையுங்கள். மனித உருவத்தின் கை மூட்டிலும் மார்பின் ஓரத்திலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள். மிச்சத்தைத் தயங்காமல் கிலோவுக்குக் கொடுங்கள்.

கழுவுவதானால் 40 டிகிரிக்கு மேல் சூடில்லாத தண்ணீர், கொஞ்சம் சோப்பு போதும். மோட்டாரை நனைக்கக் கூடாது.

கேள்வி: 'புதிது போல' என்று வாங்கிய பழுப்புக் கட்டைகள் பொருத்தும்போதே உடைகின்றன. போலியா? (வாசகர், சிவாஜிநகர், பெங்களூரு)

பதில்: மேற்புறக் குமிழ் ஒவ்வொன்றிலும் லெகோ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் அசல்தான். சில ஆண்டுகளில் வந்த சிவப்புப் பழுப்பும் அடர் சிவப்பும் நொறுங்கும் தன்மை கொண்டவை. சேகரிப்பவர்கள் நன்கு அறிந்த குறை இது. கிளிப் உள்ள மெல்லிய பீஸ்கள் முதலில் போகும். அந்த நிறங்களைப் பழையதாக வாங்கும்போது பொருத்திக் கழற்றும் வீடியோ கேளுங்கள். விற்றவர் கடைக்காரர் என்றால் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். வீட்டுப் பொருளை ஒருமுறை விற்கும் தனிநபர் என்றால் அந்த வழி கடினம். பேசிப் பணத்தைத் திரும்பப் பெறப் பாருங்கள்.