அண்ணாச்சி, ஒரு வேலை விஷயம்!

வேலை பத்தி நீங்க எழுதிக் கேட்ட கேள்விகள்ல இந்தத் தடவை பாதி, நெல்லை பக்கத்துல இருக்க கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையப் பத்திதான். சோலார் கம்பெனில ஆள் எடுக்காவளாமே, டயர் கம்பெனில தெரிஞ்சவங்க இருக்காவளான்னு. எனக்கு அங்க யாரையும் தெரியாது, சிபாரிசும் பண்ண மாட்டேன், அத மொதல்லயே சொல்லிட்டேன். மத்தபடி தெரிஞ்சத சொல்லுதேன்.

அண்ணாச்சி, எனக்கு நாங்குநேரி பக்கம் ஒரு கிராமம். 2021ல பி.இ. மெக்கானிக்கல் முடிச்சேன், கொரோனா சமயம்ங்கறதால கேம்பஸ்ல ஒண்ணும் கிடைக்கல. சென்னைல மாமாவோட பலசரக்கு கடைல நாலு வருசமா நிக்கேன். இப்ப ஊரோட வந்து கங்கைகொண்டான்ல ஏதாவது கம்பெனில சேரணும். ஆனா எக்ஸ்பீரியன்ஸ்னு ஒண்ணும் இல்ல. இந்த நாலு வருச கேப்ப ரெசூமேல எப்படி மறைக்கது?

ஏன் தம்பி மறைக்கணும்? நம்ம ஊர்க்காரங்களுக்கே இந்த வியாதி உண்டு, பத்து வருசம் கடைய தூக்கி நிறுத்தியிருப்பான், கேட்டா "சும்மா கடைல நின்னேன்"னு சொல்லுவான். சும்மா நின்னா மாமா சோறு போட்டிருப்பாவளா?

காலைல ஷட்டர் தூக்குனதுல இருந்து நீ என்ன செய்தன்னு யோசிச்சுப் பாரு. பால் கிரேட் இறங்கும், எண்ணி வாங்குவ. ஏஜென்சி வண்டி வரும், பில்லுல பத்து பெட்டி போட்டிருக்கும், வண்டில ஒம்பதுதான் இருக்கும், டிரைவர்கிட்ட சண்டை போட்டு பில்லுலயே எழுதி கையெழுத்து வாங்குவ. புது பிஸ்கட் பெட்டி வந்தா பழசை முன்னால இழுத்து வச்சுட்டு புதுச பின்னால தள்ளுவ, ஏன்னா தேதி முடிஞ்சா நஷ்டம் மாமாவுக்கு. தம்பி, கம்பெனி ஸ்டோர்ஸ்ல இதுக்கு ஃபிஃபோன்னு பேரு, மொத வந்தது மொத போகணும், அவ்வளவுதான் அர்த்தம். பில்லையும் சரக்கையும் ஒத்துப்பாத்து இறக்குறதுக்கு மெட்டீரியல் இன்வார்ட்னு பேரு. எந்த சரக்கு எவ்வளவுக்குக் கீழ போனா ஆர்டர் போடணும்னு உன் மண்டைல ஒரு கணக்கு ஓடுது பாத்தியா, அது ரீஆர்டர் லெவல். இது தெரியாம டிகிரியோட மட்டும் வந்து நிக்கவன் நெறைய பேரு, நான் இன்டர்வியூ எடுத்த காலத்துல கண்ணால பாத்திருக்கேன்.

அதனால நீ புரொடக்ஷன் வேலைக்குன்னே அலையாம ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச், பர்ச்சேஸ், பிளானிங் இதுக்கெல்லாம் சேத்து போடு. மெக்கானிக்கல் படிச்சிருக்க, டிராயிங் பாத்து ஒரு பார்ட் என்னன்னு உனக்குத் தெரியும், சரக்கு கையாளவும் தெரியும், ரெண்டும் சேந்த ஆள் ஸ்டோர்ஸுக்கு லேசுல கிடைக்காது. டாடா பவரோட சோலார் ஃபேக்டரி மட்டும் 4.3 ஜிகாவாட், அவ்வளவு செல்லும் மாட்யூலும் செய்யணும்னா கண்ணாடி, ஃபிரேம், ஒயருன்னு எத்தன லாரி உள்ள போகும், எத்தன லாரி வெளிய வரும். எல்லாத்தையும் எண்ணி வாங்கவும் எண்ணி அனுப்பவும் ஆள் வேணும்லா.

ரெசூமேல "கடைல வேலை பாத்தேன்"னு ஒத்த வரி போடாத. கடைல எத்தன வகை சரக்கு, மாசம் எத்தன ஏஜென்சி பில்லு, எத்தன பேரு உனக்குக் கீழ வேலை பாத்தாவ, பற்று நோட்டுல நின்ன கடன்ல எவ்வளவு வசூல் பண்ணுன, இதயெல்லாம் உக்காந்து எண்ணி நம்பரா போடு. கூட்டிப் போட்டுராத, அடுத்த கேள்விலயே மாட்டிக்கிடுவ. மாமாகிட்ட சொல்லி கடை லெட்டர்பேடுல, ஜிஎஸ்டி நம்பரோட, இந்தத் தேதில இருந்து இந்தத் தேதி வரை வேலை பாத்தான்னு ஒரு கடுதாசி வாங்கிக்கோ. எக்செல்ல விலுக்கப்பும் பிவட் டேபிளும் ரெண்டு வாரத்துல படிச்சுரலாம், யூடியூப்ல தமிழ்லயே கிடக்கு, மாமா கடை சரக்கையே ஒரு ஷீட்டா போட்டு பழகு, இன்டர்வியூல அதயே காட்டலாம்.

நாலு வருசம் என்ன செய்தன்னு கேட்டா, "2021ல வேலை இல்ல சார், மாமா கடைல ஸ்டாக்கும் பர்ச்சேஸும் பாத்தேன்"னு நேரா சொல்லு. அதுக்கு மேல கதை வேண்டாம், அவங்க கேக்கட்டும்.

இன்னொண்ணு, சிப்காட்ல பல கம்பெனில கான்ட்ராக்டர் மூலமா ஆள் எடுக்காவ. சேரும்போது, என் பேரு கம்பெனி ரோல்லயா கான்ட்ராக்டர் ரோல்லயா, பிஎஃப் பிடிப்பாவளா, சம்பளம் 21,000க்குள்ளன்னா இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு உண்டா, இத வாயத் தொறந்து கேளு. கேட்டா வேலை போயிரும்னு பயப்படாத. பிறவு, ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட யாருகிட்டயும் கொடுத்துராத. நான் மொத வேலைக்கு சேந்த கம்பெனில என் டிகிரி சர்டிஃபிகேட்ட வாங்கி பீரோல வச்சுக்கிட்டாவ, ரெண்டு வருசம் கழிச்சு விலகுறேன்னதும் இன்னைக்கு வா நாளைக்கு வான்னு அஞ்சு மாசம் இழுத்தாவ. அதுக்குள்ள கைல இருந்த நல்ல வேலை ஒண்ணு போயிட்டு. சரிபாக்க காட்டலாம், நகல்ல கையெழுத்து போட்டு கொடுக்கலாம், ஒரிஜினல் நம்ம வீட்டு பெட்டிலதான் இருக்கணும்.

அண்ணாச்சி, முக்கூடல்ல இருந்து எழுதுதேன். பிளஸ் டூ படிச்சிருக்கேன், கல்யாணத்துக்குப் பிறகு பீடிதான் சுத்துதேன். வயசு 33. மூத்தவன் ஆறாவது படிக்கான். அரசு வேலைக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பரீட்சை எழுதலாமான்னு ஒரு எண்ணம். இனிமே படிச்சு ஏறுமான்னு எல்லாரும் சிரிக்காவ.

சிரிக்கவங்கள விடுங்க தங்கச்சி. இடுப்பு வலிக்க வலிக்க உக்காந்து ஆயிரம் பீடி எண்ணத்த முடிச்சுட்டு எந்திரிக்கவங்களுக்கு ஒரு எடத்துல உக்காந்து படிக்கது எம்மாத்திரம். எனக்கு உங்க வயசப் பத்தி யோசனையே இல்ல, நேரத்தப் பத்திதான் யோசனை.

குரூப் 4ல பெரும்பாலான பதவிக்கு பத்தாவதுதான் தகுதி. வயசு வரம்பு பதவிக்கும் வகுப்புக்கும் தக்க மாறும், அறிவிப்புல அந்தப் பக்கத்த மட்டும் ரெண்டு தடவ படிங்க. ஒரே பரீட்சை, இன்டர்வியூ கிடையாது. 200 கேள்வி, 300 மார்க்கு, அதுல சரிபாதி, 100 கேள்வி தமிழ். தமிழ்ல 150க்கு 60 எடுக்கலைன்னா மீதிப் பகுதிய திருத்தவே மாட்டாவ. அப்போ எதுல இருந்து தொடங்கணும்? உங்க வீட்டுல ஆறாம் வகுப்பு தமிழ் புத்தகம் கிடக்குல்லா, அதுல இருந்துதான். பையனுக்கு சொல்லிக் கொடுக்கப்பவே நீங்களும் படிங்க, அவன் உங்கள ஒப்பிக்கச் சொல்லிக் கேக்கட்டும், பிள்ளைங்களுக்கு அது ஒரு சந்தோசம். ஏழு, எட்டு, ஒம்பது, பத்து புத்தகமெல்லாம் தெருல யார்கிட்டயாவது பழசு கிடைக்கும். கணக்குக்கு தனியா தினம் அரை மணி நேரம். தப்பா எழுதுனா மைனஸ் மார்க் கிடையாது, ஆனா விடை தெரியலைன்னா சும்மா விடக்கூடாது, விடை தெரியலங்கறதுக்குன்னு அஞ்சாவதா ஒரு வட்டம் இருக்கும், அதக் கருப்படிக்கணும். இத தெரியாம மார்க்க விட்டவங்க உண்டு.

ஆயிரக்கணக்குல ஃபீஸ் கட்டி கோச்சிங் சேர வேண்டாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல தன்னார்வ பயிலும் வட்டம்னு ஒண்ணு இருக்கு, அங்க வகுப்பு இலவசம், எப்போ நடக்குன்னு விசாரிச்சு வச்சுக்கோங்க.

ஒளிக்காம ஒண்ணு சொல்லிருதேன். 2025ல மொதல்ல அறிவிச்சது 3,935 இடம், எழுதினது பத்து லட்சத்துக்கு மேல. அதனால பீடிய இப்ப விட்டுராதீங்க, பிஎஃப் கணக்கும் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையும் சரியா இருக்கான்னு பாருங்க, அந்த அட்டைய வச்சு பையனுக்கு ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். தீப்பெட்டி மாதிரி சின்ன நோட்டு ஒண்ணு தட்டுப் பக்கத்துல வச்சுக்கோங்க, கை சுத்தட்டும், வாய் இலக்கணத்த சொல்லட்டும். ரெண்டு தடவ எழுதிப் பாருங்க. ரெண்டாவது தடவ மார்க்கு எவ்வளவு ஏறியிருக்குன்னு எனக்கு எழுதுங்க, அதுக்குப் பிறகு பேசிக்கிடலாம்.

மேலப்பாளையத்துல இருந்து எழுதுறேன். மகன் ஐடிஐ ஏசி மெக்கானிக். துபாய்ல வேலைன்னு ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேக்குறார். விசிட் விசால போய் அங்க மாத்திக்கிடலாம்னு சொல்றார். கட்டலாமா?

கட்டாதீங்க பாய். அரசாங்கத்துல பதிஞ்ச ஏஜென்ட் சர்வீஸ் சார்ஜா வாங்க வேண்டியது அதிகபட்சம் 30,000 ரூபா, அதுக்கு மேல ஜிஎஸ்டி. ஒன்றரை லட்சம் கேக்கும்போதே ஆள் யாருன்னு தெரிஞ்சு போச்சுல்லா. அவர் பேரு, லைசென்ஸ் நம்பர் ரெண்டையும் மத்திய அரசோட இ-மைக்ரேட் வெப்சைட்ல போட்டுப் பாருங்க, அதுல இல்லைன்னா வாசலோட அனுப்பிருங்க. விசிட் விசால போனா அங்க வேலை பாக்க உரிமை கிடையாது, சம்பளம் தரலைன்னா கூட போய்க் கேக்க முடியாது. கம்பெனி பேரு, சம்பளம், தங்குமிடம், எத்தன மணி நேரம் எல்லாம் போட்ட ஒப்பந்தமும் வேலை விசாவும் கைக்கு வரணும், பிறகுதான் டிக்கெட்டு. சென்னைல தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு, அங்கயும் மகன பதிஞ்சு வையுங்க. ஏசி மெக்கானிக்குக்கு அந்த ஊர் வெயில்ல வேலைக்கு பஞ்சமே இல்ல, அவசரப்பட வேண்டியது நாம இல்ல.

இதோட சேத்தே சொல்லிருதேன், தாய்லாந்துல டேட்டா என்ட்ரி, லட்ச ரூபா சம்பளம்னு யாராவது வந்தா போனையே கட் பண்ணிருங்க. அப்படி போன பசங்கள கம்போடியா, மியான்மர்னு கடத்திக் கொண்டுபோய் ஆன்லைன் மோசடி வேலைல அடைச்சு வச்ச கதை நெறைய வந்தாச்சு.

வள்ளியூர். மூணு வருசமா காத்தாடி (காற்றாலை) மெயின்டனன்ஸ்ல இருக்கேன், வேற கம்பெனிக்கு மாறுதேன். பழைய பிஎஃப்ப எடுத்து பைக் வாங்கிரலாமா?

வேண்டாம். அஞ்சு வருசம் முடியாம எடுத்தா வரி வரும், பென்ஷனுக்கு பத்து வருச சர்வீஸ் எண்ணணும், எடுத்துட்டா அந்த எண்ணமும் போச்சு. உன் பிஎஃப் கணக்குக்குள்ள அதே யூஏஎன் நம்பர புது கம்பெனில கொடுத்து டிரான்ஸ்ஃபர் போடு. ரிலீவிங் லெட்டர் கைல வாங்காம கோபுரத்த விட்டு இறங்காத. உயரத்துல ஏறுற சேஃப்டி டிரெய்னிங் சர்டிஃபிகேட்டும் உன் பேருல இருந்தா கேட்டு வாங்கிக்கோ, அடுத்த கம்பெனி மொதல்ல கேக்கது அதத்தான்.

அண்ணாச்சி, முப்பது கம்பெனிக்கு மேல ரெசூமே அனுப்பிட்டேன், ஒருத்தர் கூட கூப்பிடல. என் ரெசூமேய இதோட வச்சிருக்கேன், என்ன தப்புன்னு சொல்லுங்க. (பேர் வேண்டாம், அம்பாசமுத்திரம்)

படிச்சேன் தம்பி. மார்க்கு நல்லா இருக்கு, புராஜெக்ட் கூட உருப்படியான புராஜெக்ட்தான். ஆனா முப்பது கம்பெனிக்கும் ஒரே கடுதாசி, அதுல மேல "கோவை கிளைக்கு"ன்னு போட்டது அப்படியே கிடக்கு. போன் நம்பர்ல ஒம்பது எண்ணுதான் இருக்கு, எண்ணிப் பாரு, அப்புறம் எப்படிவே கூப்பிடுவாவ? பிறவு அந்த மெயில் ஐடி. "நெல்லை கெத்து"ன்னு ஆரம்பிச்சு பின்னால நாலு சைபர். மொதல்ல அத மாத்து.