பெயரும் எழுத்தும் நேரமும்: வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலையில் இருந்தபடி பணியாற்றும் வலைத்தள உருவாக்குநர் ஒருவர், வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இவ்விதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் பெயர்ப்பட்டியலைப் பழைய கணினிக் கோப்புகளிலிருந்து மாற்றி இணையத்தளத்தில் ஏற்றினோம். 'கோணேஸ்வரி' என்று தேடினால் சிலர் மட்டுமே கிடைக்கிறார்கள். பட்டியலில் கண்ணுக்கு எதிரே இருக்கும் மற்றைய கோணேஸ்வரிகள் தேடலில் வருவதில்லை. ஏன்?
– ஓர் ஆசிரியை, உவர்மலை

பதில்: கணினிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது, அதற்கு வழங்கப்பட்ட எண்தான் தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோட் முறையில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. நம்முடைய 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் இல்லாததால், உயிர்மெய் எழுத்துகளில் பெரும்பாலானவை ஓர் அகர எழுத்தும் அதன்பின் ஒரு குறியுமாகவே சேமிக்கப்படுகின்றன. 'கோ' என்பதை 'க' எழுத்துடன் ஓகாரத்துக்கான ஒற்றைக் குறியைச் சேர்த்தும் எழுதலாம். 'க', இரட்டைக் கொம்பு, கால் என்று மூன்று துண்டுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் இம்மியளவும் வேறுபாடு தெரியாது. ஆனால் தேடும் நிரல் எண்களை ஒப்பிடுவதால், ஒரே பெயர் இரண்டு வேறு பெயர்களாகிவிடுகிறது.

உங்கள் பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அக்காலத்து எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் அமர்ந்திருந்தன. கொம்பை முதலில், எழுத்தை அடுத்து, காலைக் கடைசியில் என்று கண் காணும் வரிசையிலேயே தட்டச்சிட்டோம். பழைய எழுத்துருவை யூனிகோட்டுக்கு மாற்றும் மென்பொருள்கள் எல்லாம் அத்துண்டுகளை ஒரே விதமாகச் சேர்ப்பதில்லை. இதற்குத் தீர்வு எளிது. ஒரே எழுத்தின் வெவ்வேறு பதிவுகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் 'இயல்பாக்கம்' என்றொரு விதி யூனிகோட்டிலேயே உண்டு; ஜாவாஸ்கிரிப்ட் போன்ற நிரல் மொழிகளில் அது ஆயத்தமாகவே இருக்கிறது. பெயரைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் அவ்விதியைச் செலுத்தினால் கோணேஸ்வரிகள் அனைவரும் ஒன்றுசேர்ந்துவிடுவார்கள். உங்கள் தளத்தை அமைத்தவரிடம் இதைச் சொல்லுங்கள். அரை நாள் வேலைதான்.

அதற்குப் பிறகும் கைவேலை மிஞ்சும். 'ஸ்ரீகாந்தன்' என்ற பெயரின் முதலெழுத்தை 'ஸ' கொண்டும் எழுதலாம், 2005ஆம் ஆண்டு யூனிகோட்டில் சேர்க்கப்பட்ட 'ஶ' கொண்டும் எழுதலாம்; பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவாகவே தெரியும், ஆனால் இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்காது. 'ஔவை' என்பதை 'ஒ'வும் 'ள'வுமாக எழுதியிருப்பதும் அப்படியே. இன்னொன்றையும் கவனியுங்கள். 'ஆசிரியர்' என்ற சொல்லில் 'ரி' வரவேண்டிய இடத்தில் காலையும் மேல்விசிறியையும் தட்டும் பழக்கம் பாமினிக் காலத்தில் பலரிடம் இருந்தது; தாளில் அது சரியாகத் தெரிந்தது, இன்றைய தேடலில் அது வேறொரு சொல். ஆகவே பட்டியலை ஒரு முறை வரிவரியாகப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இடம்பெயர்ந்தும் புலம்பெயர்ந்தும் சிதறிய எங்கள் ஊரில், ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருந்து ஒரு வகுப்புத்தோழியைத் தேடுபவர், பெயர் கிடைக்காவிட்டால் எழுத்து மாற்றத்தையா சந்தேகிப்பார்? தோழி பட்டியலில் இல்லை என்றே முடிவு செய்து போய்விடுவார்.

கேள்வி: ஆலயத் திருவிழா அறிவித்தலைத் தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அதே நீளமுள்ள ஆங்கிலச் செய்தியைவிடக் கட்டணம் பல மடங்காகிறது. ஏமாற்றுகிறார்களா?
– ஆலய பரிபாலன சபை உறுப்பினர் ஒருவர், திருக்கடலூர்

பதில்: இல்லை. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள். தமிழ் கலந்தால் 70 இடங்கள்தான். ஒரு செய்தியில் ஒரேயொரு தமிழெழுத்து இருந்தாலும் முழுச் செய்தியும் 70 என்ற கணக்குக்கு மாறிவிடும். முன் பதிலில் சொன்னபடி குறிகளும் தனி இடம் பிடிக்கும். 'கோணேஸ்வரம்' என்பது கண்ணுக்கு ஆறு எழுத்து, குறுஞ்செய்திக்கோ பத்து இடம். இத்தகைய சொற்கள் இடைவெளியுடன் ஆறுக்குமேல் ஒரு செய்தியில் கொள்ளாது. இதற்காகத் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்ப வேண்டாம். அடியார்களில் மூத்தவர்கள் அதை வாசிக்கத் திணறுவார்கள். நாள், நேரம், இடம் ஆகிய மூன்றையும் மட்டும் நல்ல தமிழில் அனுப்புங்கள்.

கேள்வி: என் மகன் 1999ஆம் ஆண்டு திருகோணமலையில் காலை 6.10க்குப் பிறந்தான். திருமணப் பொருத்தம் பார்ப்பதற்காக இரண்டு கைப்பேசிச் செயலிகளில் சாதகம் கணித்தோம். நட்சத்திரம் ஒன்றாகவும் லக்கினம் வேறாகவும் வருகிறது. எதை நம்புவது?
– ஒரு தாய், மனையாவெளி

பதில்: சோதிடத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, ஆனால் அந்தச் செயலிகளில் ஒன்று எங்கே தவறுகிறது என்பதைச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக 1996 மே மாதம் இலங்கையின் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அதிலிருந்து அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. அன்றிலிருந்து 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரை, ஏறத்தாழ பத்து ஆண்டுகள், எங்கள் நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஆறு மணித்தியாலம் முன்னதாக இருந்தது. அதன் பின்னரே முன்பிருந்த ஐந்தரைக்குத் திரும்பினோம். உங்கள் மகன் பிறந்தபோது சுவர்க்கடிகாரம் காட்டிய 6.10 என்பது இன்றைய கணக்கில் 5.40. எல்லாக் காலத்துக்கும் ஐந்தரை என்றே கொள்ளும் செயலி அரை மணித்தியாலம் பிழைக்கும். நட்சத்திரம் ஏறத்தாழ ஒரு நாள் நீடிப்பதால் அது பெரும்பாலும் மாறாது. பன்னிரண்டு ராசிகளும் ஒரு நாளில் உதித்து முடிவதால் ஒரு லக்கினம் சராசரியாக இரண்டு மணித்தியாலமே நிற்கும். அங்கே அரை மணி என்பது கால் பங்கு.

உலக நாடுகளின் நேர மாற்றங்களையெல்லாம் ஆண்டு வாரியாகத் தொகுத்த பொதுத் தரவுத்தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் எங்கள் நாடு 'ஆசியா/கொழும்பு' என்ற பெயரில் இடம்பெறுகிறது. மேற்சொன்ன மாற்றங்கள் எல்லாம் அதில் உண்டு. நல்ல செயலி இதைக் கேட்டே கணிக்கும். உங்கள் செயலிகளில் நேர வித்தியாசத்தைக் காட்டும் இடத்தைத் தேடிப் பாருங்கள். 1999க்கு ஆறு என்று காட்டுவதே சரியானது.

இதில் எந்தத் தொகுப்பாலும் தீர்க்க முடியாத ஒரு சிக்கலும் உண்டு. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே தொடர்ந்தது. ஆகவே அப்பத்தாண்டில் அங்கே பிறந்தவர்களுக்கு, நேரத்தைக் குறித்தவர் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தார் என்பதையும் கேட்டறிய வேண்டும். அதை வீட்டுப் பெரியவர்களே அறிவார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, குறிப்பின் ஓரத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

கேள்வி: கணவர் வீட்டிலிருந்தே இலண்டன் நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறார். நடுச்சாமம் வரை கணினியின் முன் இருக்கிறார். இது தொழிலின் இயல்பா?
– ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: ஓரளவு இயல்புதான், முழுவதும் அல்ல. குளிர்காலத்தில் இலண்டனில் மாலை ஐந்து மணியாகும்போது இங்கே இரவு பத்தரை. அவர்களுடைய கோடைகாலத்தில் ஒன்பதரை. அவர்களின் முழு வேலைநாளையும் உடனிருந்து கழிக்க முயன்றால் குடும்பத்துக்கு இரவு மிஞ்சாது. பிற்பகல் இரண்டரை முதல் ஆறரை வரை என்று பொது நேரம் ஒன்றை எழுத்தில் உடன்பட்டு, மற்ற வேலைகளைக் காலையில் முடிப்பதே நான் கண்ட வழி. ஆறரைக்குப் பிறகு டச்சுக் குடாக் கடற்கரையில் நடக்கிறேன். பகலில் விடைகாணாத நிரல் வழு பல முறை அங்கேதான் பிடிபட்டிருக்கிறது. இருபது நிமிடத்துக்கொரு தடவை, இருபது அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை இருபது விநாடி பார்க்கும்படியும் அவரிடம் சொல்லுங்கள். கண்களுக்கு அது பெரிய ஆறுதல்.

கேள்வி: மகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு இணையவழி விண்ணப்பிக்கிறாள். 'குடும்பப் பெயர்' கட்டாயம் என்கிறது படிவம். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. முதலெழுத்தை இட்டால் 'மிகக் குறுகியது' என்று தள்ளிவிடுகிறது. என்ன செய்வது?
– ஒரு தந்தை, கிண்ணியா

பதில்: கடவுச்சீட்டில் எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, அதை அப்படியே பின்பற்றுங்கள், பின்னர் விசா எடுக்கும்போது இரண்டும் ஒத்திருப்பதே முக்கியம்.

இனி, படிவம் எழுதுவோருக்காகச் சில வரிகள். தந்தையின் பெயரை முன்னே வைத்துத் தன் பெயரால் அழைக்கப்படும் வழக்கம் எங்கள் மாவட்டத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உண்டு. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு விடுதிக்கு முன்பதிவுப் படிவம் எழுதியபோது, வெளிநாட்டு மாதிரி ஒன்றைப் பார்த்துக் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கினேன். பெரியவர் ஒருவர் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். 'மதிப்புக்குரிய இல்லை அவர்களுக்கு' என்று தானியங்கிக் கடிதம் அவருக்குப் போயிற்று. அதைக் கண்டபோது மிகவும் வெட்கப்பட்டேன், அன்றிரவே அக்கட்டத்தை நீக்கினேன். முழுப்பெயர் என்று ஒரு கட்டமும், எப்படி அழைக்க வேண்டும் என்று இன்னொரு கட்டமும் எவ்வளவோ போதும்.

அடையாள அட்டையிலும் இதே கவனம் வேண்டும். பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும், புதியதில் பன்னிரண்டு எண்கள். இரண்டும் இன்று புழக்கத்தில் உள்ளன. பிறந்த நாள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது அவ்விலக்கத்திலேயே அடங்கியிருக்கிறது, பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். இதை அறியாத நிரலாளர் ஒருவர், நாள் எண் 366ஐத் தாண்டக்கூடாது என்று விதி எழுதிவிட்டால், நாட்டின் பெண்கள் அனைவரும் அப்படிவத்துக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

கேள்வி: உயர்தரம் கலைப்பிரிவில் படித்தேன். கொழும்புக்குப் போகாமல் வலைத்தள உருவாக்குநர் ஆக முடியுமா? செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதும்போது இதைக் கற்பது வீணா?
– ஓர் இளைஞர், மூதூர்

பதில்: தம்பி, முடியும். உலகளாவிய வலையைக் கண்டுபிடித்த டிம் பேர்னர்ஸ்-லீ 1989இல் ஐரோப்பிய அணுவாய்வு நிறுவனமான சேர்ன் ஆய்வுகூடத்தில் அதற்கான முன்மொழிவை எழுதினார். 1993 ஏப்ரல் 30 அன்று அந்நிறுவனம் அதை உரிமைக் கட்டணமின்றி உலகுக்கு விட்டுக்கொடுத்தது. எந்தப் பக்கத்தின் மூலநிரலையும் மூதூரில் இருந்தபடியே திறந்து படிக்க உங்களால் முடியும். முதலில் பக்கத்தின் கட்டமைப்பைத் தரும் எச்டிஎம்எல், அடுத்து தோற்றத்தைத் தரும் சிஎஸ்எஸ், பிறகு பக்கத்தை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட். இவ்வரிசையை மாற்ற வேண்டாம். மின்சாரமும் இணைப்பும் சோதிக்கும் நாட்கள் வரும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, விடியற்காலையில் எழுந்து மின்சாரம் இருந்த நேரத்துக்கு ஏற்ப வேலை செய்தோம்.

செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதும், நானும் அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் உலகில் அதிகம் காணப்படும் படிவம் எதுவோ அதையே அது முதலில் தரும். குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியே தரும். கிண்ணியாவில் ஒரு மாணவி அங்கே தடுக்கி நிற்பாள் என்பதை அதற்குச் சொல்ல, அவளை அறிந்த ஒருவர் வேண்டும். கலைப்பிரிவில் மொழியும் சமூகமும் கற்ற உங்களுக்கு அது குறையே அல்ல.

முதற்பயிற்சியாக மூதூரிலிருந்து புறப்படும் பேருந்துகளின் நேர அட்டவணையை ஒரே பக்கமாகச் செய்யுங்கள். முழுப் பக்கமும் 100 கிலோபைட்டுக்குள் அடங்கட்டும், படம் வேண்டாம். பிறகு வீட்டிலுள்ள மிகப் பழைய கைப்பேசியை எடுத்துக்கொண்டு, கச்சான் காற்று வீசும் ஓர் உச்சிவெயிலில் பேருந்து நிலையத்தில் நின்று அதைத் திறந்து பாருங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் நிறங்களை மாற்றுங்கள். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் விதி. அருகில் நிற்கும் ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அவர் எங்கே விரலை வைத்தார், எங்கே தயங்கினார் என்று குறித்து, பக்கத்தோடு இவ்விதழின் முகவரிக்கு அனுப்பி வையுங்கள். நான் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.