பழசா, ரீஃபர்பிஷ்டா, புதுசா? லேப்டாப் கேள்விகளும் பதில்களும்

பெங்களூர்த் தமிழ் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஐடி கம்பெனி ஒன்றில் லேப்டாப் கொடுத்து, திரும்ப வாங்கி, கழித்துக்கட்டும் பிரிவில் வேலை பார்க்கிறேன். அதனால் எஸ்.பி. ரோட்டில் (பெங்களூரின் கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) விற்கிற சரக்கில் பாதி எங்கிருந்து கிளம்பி வருகிறது என்று தெரியும். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அல்சூர் அக்கா ஒருவர்: மகள் பி.காம் சேர்ந்திருக்கிறாள். முப்பதாயிரம் தாண்டக் கூடாது. புதுசு வாங்கினால்தான் நிம்மதி என்கிறார் வீட்டுக்காரர்.

அக்கா, அந்த விலையில் கிடைக்கும் புதுசு பெரும்பாலும் செலவைக் குறைத்தே செய்த மெஷின். மங்கல் திரை, லொடலொட கீல், 8 ஜிபி ரேம், அதையும் சிலவற்றில் போர்டோடு சால்டர் செய்திருப்பார்கள், பிறகு கூட்ட முடியாது. அதைவிடக் குறைந்த காசுக்கு திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5 மாதிரி ஆபீஸ் வகை கிடைக்கும். 2018 வாக்கில் வந்தவைதான், ஆனால் தினமும் நாள் முழுக்க அடிவாங்கும் என்று தெரிந்தே செய்தவை. எக்செல், டேலி, ஆன்லைன் கிளாஸ் எல்லாம் தாராளமாக ஓடும். என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் வீட்டுக்காரர் சொல்லும் நிம்மதியையும் தள்ளிவிட முடியாது, அதன் பெயர் வாரண்டி, பழசு வாங்கினால் அந்த ரிஸ்க் உங்கள் தலையில் வந்து உட்காரும். எனவே மிச்சத்தில் ஐந்தாறாயிரம் பேட்டரிக்கும் ரிப்பேருக்கும் என்று எடுத்து வையுங்கள். வைத்தாலும் வேறு செலவுக்குப் போய்விடும் என்றால் பேசாமல் புதுசே வாங்குங்கள்.

பொம்மனஹள்ளி தம்பி: ரீஃபர்பிஷ்ட், யூஸ்டு, ரெண்டும் ஒன்றுதானே ண்ணா?

யார் ரீஃபர்பிஷ் செய்தார் என்பதைப் பொறுத்தது தம்பி. தயாரித்த கம்பெனியோ, பெயர் போட்டு அதையே தொழிலாகச் செய்கிறவர்களோ செய்தால், பார்ட்ஸ் சோதித்து, தேய்ந்ததை மாற்றி, எழுத்தில் வாரண்டி தருவார்கள். அதற்குக் கூடுதல் காசு தரலாம். நம் ஊரில் பல கடைகளில் அந்தச் சொல்லுக்குப் பொருள், துடைத்து, விண்டோஸ் போட்டு, மூடியில் ஸ்டிக்கர் ஒட்டியது. ‘ஏ கிரேடு’ என்பார்கள், அது பெரும்பாலும் மேல்தோலுக்கான மார்க். ‘இதில் எதையெல்லாம் மாத்தினீங்க?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். ‘எல்லாம் செக் பண்ணியாச்சு சார்’ என்று மட்டும் பதில் வந்தால் அது யூஸ்டு. யூஸ்டு விலைக்கு மேல் ஒரு ரூபாய் தராதீர்கள்.

கே.ஆர். புரம் சார் ஒருவர்: 7வது ஜெனரேஷன் ஐ5 (இன்டெல் ப்ராசஸர்) லேப்டாப், கடைக்காரர் பன்னிரண்டாயிரம் சொல்கிறார், விண்டோஸ் 11 போட்டே தருகிறாராம். வாங்கலாமா?

வேண்டாம் சார். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் ப்ராசஸர் தகுதி, சில விதிவிலக்குகள் போக, இன்டெல் 8வது ஜெனரேஷனிலிருந்து தொடங்குகிறது. அவர் போட்டுத் தருவது அந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டிக் குதிக்க வைத்த விண்டோஸ். இன்று ஓடும், பெரிய அப்டேட் வரும்போது முரண்டு பிடிக்கலாம். விண்டோஸ் 10க்கோ 2025 அக்டோபர் 14 உடன் சாதாரண ஆதரவு முடிந்துவிட்டது. இன்னொன்று, லேப்டாப்பில் வந்த 7வது தலைமுறை ஐ5 பெரும்பாலும் இரண்டு கோர் (ப்ராசஸருக்குள் வேலை செய்யும் மூளைகள்), 8வதிலிருந்து பெரும்பாலும் நான்கு. ஒரே ஒரு தலைமுறைதான், ஆனால் அங்கே ஒரு பெரிய படி இருக்கிறது. லினக்ஸ் போட்டு ஓட்டுவேன் என்றால் பேரம் பேசிப் பாருங்கள்.

பலர் கேட்டது: எஸ்.பி. ரோட்டுக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

கீறலைப் பார்க்காதீர்கள், பூட்டைப் பாருங்கள். பல கம்பெனி லேப்டாப்புகளின் அடையாளம், மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் என்ற ஏற்பாட்டில் அந்தக் கம்பெனி பெயரில் பதிவாகியிருக்கும். கழிக்கும்போது அதை நீக்க வேண்டும், சில சமயம் விட்டுப்போகும். கடைக்காரர் நெட் இல்லாமல் விண்டோஸ் போட்டு வைத்திருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது, ஆறு மாதம் கழித்து வீட்டில் ரீசெட் செய்யும்போது ஏதோ கம்பெனியின் லாகின் பக்கம் வந்து நிற்கும். அதனால் கண் முன்னாலேயே ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, செட்டப் முடியும்வரை இருங்கள். நேரம் ஆகும், முகம் சுளிப்பார், பரவாயில்லை. பயாஸுக்குள்ளும் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங்ஸ்) போய்ப் பாருங்கள் (ஆன் செய்ததும் திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10), பாஸ்வேர்டு கேட்டால் கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் பேட்டரி. கமாண்ட் ப்ராம்ப்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், டிசைன் கெபாசிட்டி 50,000 என்று இருந்து ஃபுல் சார்ஜ் 30,000 என்றால் நாற்பது சதவீதம் போய்விட்டது, அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். சீரியல் நம்பரைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டால் வாரண்டி எப்போது முடிந்தது என்று வரும், மெஷினின் உண்மை வயது அதில் புரிந்துவிடும். ரேமை ‘அப்புறம் கூட்டிக்கலாம்’ என்று நினைக்காதீர்கள், 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் அந்தப் பழைய கணக்கு உதைக்கிறது. 16 ஜிபி உள்ளேயே இருப்பதை எடுங்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். இல்லாத பில் வெறும் காகிதம்.

கம்மனஹள்ளி: கீபோர்டில் பவுண்ட் குறி இருக்கிறது, டூப்ளிகேட்டா?

இல்லை, வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு. பழகிவிடும். ஜெர்மன் கீபோர்டு என்றால் இசட்டும் ஒய்யும் இடம் மாறி இருக்கும், அதை மட்டும் தவிருங்கள்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்: பழைய மேக்புக்?

எம்1 ஏர் (ஆப்பிளின் சொந்த எம்1 சிப் வைத்த மேக்புக் ஏர்) இன்றும் நல்ல மெஷின், ரேமையும் ஸ்டோரேஜையும் பிறகு கூட்டவே முடியாது என்பதை மறக்காமல் வாங்குங்கள். இன்டெல் மேக் மலிவாக வந்தாலும் தொடாதீர்கள், மேக்ஓஎஸ் 26தான் அவற்றுக்குக் கடைசி என்று ஆப்பிளே சொல்லிவிட்டது. பழைய ஓனர் ஐகிளவுடிலிருந்து (அவருடைய ஆப்பிள் கணக்கு) வெளியேறியிருக்க வேண்டும். அவர் எதிரில் இல்லாமல் கைமாறும் மேக் என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

பீன்யா சார் ஒருவர்: சின்ன ஒர்க்‌ஷாப், கணக்குக்கும் டிசைனுக்கும் நான்கு லேப்டாப் வேண்டும்.

ஜிஎஸ்டி பதிவு இருக்கிறதா சார்? இருந்தால் புதுசில் கட்டும் 18 சதவீதம் கிரெடிட்டாகத் திரும்பும், பழசு மலிவு என்ற இடைவெளி ஓரளவு சுருங்கிவிடும். டிசைன் போடுகிறவருக்கு ஆன்சைட் வாரண்டியோடு (ஆள் உங்கள் இடத்துக்கே வந்து சரிசெய்வார்) புதுசு எடுங்கள், அது ஒரு நாள் படுத்தால் உங்கள் ஆர்டரும் படுக்கும். கணக்கு மெஷின் மூன்றையும் ஒரே மாடலில் பழசாக எடுங்கள், ஒன்று போனால் அதன் சார்ஜரும் ரேமும் மற்ற இரண்டுக்கு ஸ்பேர்.